அறுபத்து நான்காம் ஆண்டின் பாட்டுக்கள்

மேனாடுகளில் ராக் இசையில் ஈடுபாடு கொண்டவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஏதேனும் ஓர் ஆண்டை எடுத்துக்கொள்வார்கள். அவ்வாண்டில் வெளிவந்த இசைத்தட்டுகளுள் தம் உள்ளத்துக்கு உகந்தவற்றைப் பொறுக்கி, முதலாவது இது, இரண்டாவது இது என்று வரிசைப்படுத்துவார்கள். வரிசை வெளியானதும் நண்பர்கள் வழக்காடத் தொடங்குவார்கள். தமிழர்களாகிய நாமும் இதைச் செய்யாமல் இல்லை. தேநீர்க் கடையிலும் கப்பல் தளத்திலும் வாய்மொழியாகச் செய்கிறோம். எழுதி வைப்பதுதான் இல்லை. இங்கே எழுதிப் பார்க்க முனைகிறோம். எடுத்துக்கொண்ட ஆண்டு 1964. எழுதும் இடம் தென் அந்தமானில் உள்ள வண்டூர்.

தொடக்கத்திலேயே ஓர் இடர்ப்பாடு நேர்கிறது. மேனாட்டார் வரிசைப்படுத்துவது நெடுநேரம் ஓடும் பெரிய இசைத்தட்டை. 1964 ஜூலை 10 அன்று இங்கிலாந்தில் பீட்டில்ஸ் குழுவினர் வெளியிட்ட 'எ ஹார்ட் டேஸ் நைட்' என்ற தட்டில் 13 பாட்டுக்கள் இருந்தன. பதின்மூன்றையும் அக்குழுவைச் சேர்ந்த லெனனும் மக்கார்ட்னியுமே இயற்றினர். தட்டு ஒன்று, குழு ஒன்று, கேட்கும் நேரம் அரைமணி. அதை ஒரு படைப்பாக எடை போடுவது எளிது. தமிழ்ப் பாட்டுக்களோ அந்நாளில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அரக்குத் தட்டுகளில், பக்கத்துக்கு ஒரு பாட்டாக வந்தன. கை தவறினால் தட்டு இரண்டாகும். ஒரு படத்தின் பாட்டுக்கள் யாவும் வேண்டுமானால் மூன்று, நான்கு தட்டுகளைத் தனித்தனியே வாங்க வேண்டும். ஆகவே நமக்குத் தொகுப்பு என்பது தட்டு அன்று; படமே தொகுப்பு. இக்கட்டுரையில் வரிசை பெறுவன படங்களின் பாட்டுத் தொகுதிகள் என்று நேயர்கள் கொள்ளவேண்டும்.

இவ்வளவு வேறுபாட்டுக்கும் நடுவே ஓர் உறவும் இருந்தது. பீட்டில்ஸ் தட்டுகளை வெளியிட்ட இ.எம்.ஐ. நிறுவனத்தின் குடும்பத்தைச் சேர்ந்ததே கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் ஆலை வைத்திருந்த இந்திய கிராமபோன் கம்பெனி. நாய் உட்கார்ந்து கேட்கும் சின்னம் பொறித்த தட்டுகளும் கொலம்பியா தட்டுகளும் அங்கேதான் அழுத்தப்பட்டன. லண்டனில் நான்கு தடங்கள் கொண்ட பதிவுக் கருவியில் பாட்டு வேறாகவும் வாத்தியம் வேறாகவும் பதிந்து பின்னர் இணைக்க முடிந்தது. சென்னையில் பாடகரும் வாத்தியக்காரர் அனைவரும் ஒரே கூடத்தில், ஒரே நேரத்தில் பாடி வாசித்தாக வேண்டும். கடைசி அடியில் ஒரு வயலின் பிசகினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். இதை மனத்தில் இருத்திக்கொண்டு அக்காலப் பாட்டைக் கேட்டால் அதன் அருமை மேலும் புலப்படும்.

வண்டூரைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். போர்ட் பிளேர் என்று நெடுங்காலம் வழங்கி, 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட நகரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், தீவின் மேற்குக் கரையில் இவ்வூர் அமைந்திருக்கிறது. 1983-இல் ஏற்பட்ட மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவுக்கு இதுவே வாயில். ஜாலிபாய் தீவுக்கும் ரெட்ஸ்கின் தீவுக்கும் இங்கிருந்துதான் படகுகள் புறப்படும். கடற்கரையில் குளிப்போரை முதலைகளிடமிருந்து காக்க வலை கட்டியிருப்பதைப் பயணிகள் வியப்போடு பார்ப்பர். ஆனால் நம் கட்டுரைக்கு வேண்டியது ஊரின் பெயர். 1921-இல் மலபாரில் நிகழ்ந்த மாப்பிள்ளைக் கிளர்ச்சிக்குப் பின் நாடுகடத்தப்பட்டவர்கள் தென் அந்தமானில் குடியேறியபோது, தாம் விட்டுவந்த ஊர்ப் பெயர்களையே புதிய இடங்களுக்கு இட்டனர். மஞ்சேரி, திரூர், மன்னார்க்காடு, வண்டூர் என்பன அவ்வாறு வந்தவை. மலபாரிலும் ஒரு வண்டூர் இன்றும் இருக்கிறது. வீட்டையும் நிலத்தையும் எடுத்துவர இயலாதவர்கள் பெயரை எடுத்துவந்தார்கள். தமிழர்கள் எடுத்துவந்தது பெரும்பாலும் பாட்டு.

1964-ஐ நாம் தேர்ந்தது ஏன்? இசை வளத்தை மட்டும் பார்த்தாலே அவ்வாண்டு போதும். விசுவநாதன், ராமமூர்த்தி இருவரும் இணைந்து அந்த ஓராண்டில் பன்னிரண்டு படங்களுக்கு மேல் இசையமைத்தனர். 1952-இல் 'பணம்' படத்தில் தொடங்கிய இணை அது; முந்திய ஆண்டில்தான் மெல்லிசை மன்னர்கள் என்ற பட்டம் பெற்றிருந்தது. ஆனால் வெளிமாநிலத் தமிழருக்கு அவ்வாண்டு வேறொரு காரணத்தாலும் மறக்கத்தக்கதன்று. 1962-இல் ஆட்சியைக் கைப்பற்றிய பர்மியப் படையாட்சி, 1964-இன் முற்பகுதியில் கடைகளையும் வாணிகத்தையும் அரசுடைமையாக்கியது. தலைமுறை தலைமுறையாக இரங்கூனில் வாழ்ந்த தமிழர்கள் உடுத்த துணியோடு கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினர். அவ்வாண்டு அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். அதன்படி இலங்கைத் தேயிலைத் தோட்டத் தமிழருள் 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் என்று பங்கிடப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரின் கணக்குப் பின்னர் பார்த்துக்கொள்ளப்படும் என்று விடப்பட்டது. தோட்டத்தில் கொழுந்து கிள்ளியவர்களை யாரும் கேட்கவில்லை. அவ்வாறு தாயகம் திரும்பியவருள் சிலர் பின்னாளில் நிகோபார்த் தொகுதியின் கச்சால் தீவில் ரப்பர்த் தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டனர். பர்மாவிலிருந்து வந்தவருள்ளும் சிலர் அந்தமானில் குடியமர்ந்தனர்.

ஆகவே 1964-இன் பாட்டுக்களைக் கப்பலில் கேட்டவர்கள் பலர். முகாமில் கேட்டவர்கள் பலர். தட்டு வாங்கும் நிலையில் அவர்கள் இல்லை, வானொலிதான் கொடுத்தது. 1952-இல் மத்திய அமைச்சராக வந்த கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டு அருகிப்போயிற்று. அந்த இடைவெளியில் இலங்கை வானொலி சிற்றலை வழியே இந்தியா முழுவதும் நேயர்களைச் சேர்த்துக்கொண்டது. 1957 அக்டோபரில் விவித பாரதி தொடங்கிய பின்னரே நம் வானொலி அவர்களை மீட்கத் தொடங்கிற்று. போர்ட் பிளேரில் வானொலி நிலையம் ஏற்பட்டது 1963-இல். எனவே நாம் எடுத்துக்கொண்ட ஆண்டு, தீவுக்குச் சொந்த வானொலி வந்த மறு ஆண்டு. கொழும்பிலிருந்து வந்த அந்தத் தமிழ்ப் பாட்டுக்களை ஆர்வத்தோடு கேட்ட தோட்டத் தமிழரின் தலைவிதியும் அதே கொழும்பு சேர்ந்து செய்த ஒப்பந்தத்தில்தான் எழுதப்பட்டது. வரலாற்றில் இத்தகைய பொருத்தங்கள் உண்டு. அவற்றுக்கு விளக்கம் தேட வேண்டியதில்லை.

இனி வரிசைக்கு வருவோம். இதை நாம் தனியே இருந்து வகுக்கவில்லை. வண்டூரில் உள்ள நாங்கள் சிலர் பல நாள் பேசி, சில நாள் பிணங்கி வகுத்தது. எங்களுள் 1964-இல் பள்ளிச் சிறுவராக இருந்தவர் உண்டு. அப்போது பிறந்திராதவரே மிகுதி.

பொங்கல் திருநாளன்று, ஜனவரி 14-இல், 'கர்ணன்' வெளிவந்தது. பந்துலு பெரும்பொருள் செலவிட்டு எடுத்த வண்ணப்படம். பாட்டுக்கள் யாவும் கண்ணதாசன் இயற்றியவை. கதை வடநாட்டில் நிகழ்வது என்பதால் இசையமைப்பாளர்கள் சாரங்கி, செனாய் முதலிய வடநாட்டு வாத்தியங்களை நிறையக் கையாண்டனர். இந்துஸ்தானி ராகங்களின் சாயலை அப்படியே கொண்டு, சொல்லை மட்டும் தூய தமிழாக வைத்தனர். இது எளிய செயல் அன்று. சாரங்கியின் குழைவுக்குத் தமிழ் வல்லினம் இடங்கொடாது என்று எண்ணத் தோன்றும். சுசீலாவும் சௌந்தரராசனும் பாடுகையில் அந்த எண்ணம் நிற்பதில்லை. போர்க்களத்தில் சாய்ந்து கிடக்கும் கர்ணனை நோக்கிச் சீர்காழி கோவிந்தராசன் பாடும் பாட்டைக் கேட்டுக் கண் கலங்காத தமிழர் குறைவு. சூலமங்கலம் ராஜலட்சுமி பாடிய, மகளை வழியனுப்பும் பாட்டு வண்டூர்ப் பெண்களிடையே தனி இடம் பெற்றது. மூன்று நாள் கப்பற் பயணத்துக்கு அப்பால் மகளைக் கட்டிக் கொடுத்தவர்களுக்கு அப்பாட்டின் பொருளை யாரும் விளக்க வேண்டுவதில்லை.

இத்துணைச் சிறப்பும் வாய்ந்த 'கர்ணன்' எங்கள் வரிசையில் மூன்றாம் இடமே பெற்றது. பெரியவர்கள் சிலர் இதை ஏற்கவில்லை. அவர்கள் கூற்றிலும் நியாயம் உண்டு. 2012-இல் அப்படம் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் திரையிடப்பட்டபோது, 48 ஆண்டுகள் கழித்தும் மக்கள் கூட்டம் கூட்டமாகச் சென்று பார்த்தனர் அன்றோ? ஆயினும் நாங்கள் கருதியது வேறு. 'கர்ணன்' பாட்டுக்களைக் கேட்கலாம், பாடுவது அரிது. வலை இழுக்கும்போதோ, பாத்திரம் துலக்கும்போதோ, பிள்ளையைத் தாலாட்டும்போதோ அவை வாயில் வருவதில்லை. அவை மண்டபத்தில் வீற்றிருக்கும் பாட்டுக்கள். தாய்நாட்டைப் பிரிந்து வாழ்பவனுக்கு மண்டபம் வேண்டும். திண்ணை அதைவிட வேண்டும்.

அதே பொங்கலன்று மகாதேவன் இசையில் 'வேட்டைக்காரன்' வந்தது. பாட்டுக்கள் பரவின. எங்கள் வரிசையில் அது இடம் பெறவில்லை.

பிப்ரவரி 27-இல் வெளிவந்த 'காதலிக்க நேரமில்லை' இரண்டாவது. ராக் இசையைப் பற்றிப் பேசத் தொடங்கிய நாம் அதன் தமிழ் வடிவைக் காணவேண்டுமானால் இப்படத்துக்குத்தான் வரவேண்டும். காலக்கணக்கைப் பாருங்கள். அவ்வாண்டு பிப்ரவரி 7 அன்று பீட்டில்ஸ் குழுவினர் நியூயார்க்கில் விமானத்திலிருந்து இறங்கினர். அமெரிக்க இளைஞர் கூட்டம் ஆர்ப்பரித்தது. இருபது நாள் கழித்து, ஸ்ரீதரின் இப்படத்தில், வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஓர் இளைஞன் முதலாளி வீட்டு வாயிலில் கூடாரம் அடித்துக்கொண்டு, தோழர்கள் சூழ ஆடிப்பாடி வேலை கேட்கிறான். பி. பி. ஸ்ரீநிவாசின் மென்குரலும் பின்னே எழும் கூட்டுக்குரலும் துள்ளும் தாளமும் சேர்ந்து அன்றைய தமிழ் இளைஞர்களைப் பித்தாக்கின. ஒன்றைப் பார்த்து மற்றொன்று தோன்றியது என்று கூற நாம் துணியவில்லை. பிப்ரவரியில் வெளிவந்த படத்தின் பாட்டுக்கள் முந்திய ஆண்டிலேயே உருவாகத் தொடங்கியிருக்க வேண்டும். ட்விஸ்ட் ஆட்டம் அதற்கு முன்பே உலகெங்கும் பரவியிருந்தது. அந்தக் காற்று இரு கரையிலும் வீசிற்று. சுவையான செய்தி இன்னொன்று: பாட்டில் பெயர் சொல்லி அழைக்கப்படும் முதலாளியின் பெயர் விசுவநாதன். இசையமைப்பாளர் பெயரும் அதுவே. கவிஞர் கண்ணதாசனின் குறும்பு இதில் இருந்திருக்கும் என்று நினைக்க நமக்கு ஆசை.

இப்படத்தின் பாட்டுக்களையும் கண்ணதாசன்தான் எழுதினார். 'கர்ண'னுக்கு எழுதிய கையே ஏழு வாரங்களுக்குள் வெளிவந்த இந்தச் சிரிப்புப் படத்துக்கும் எழுதியது என்பது வியப்புக்குரியது. கொச்சியிலிருந்து வந்த ஜேசுதாஸ் தமிழ்த் திரைக்கு அறிமுகமான ஆண்டும் இதுவே, இப்படத்தில் எல். ஆர். ஈசுவரியோடு அவர் பாடிய பாட்டில் மேனாட்டு நடையும் நம் குழைவும் ஒன்றோடொன்று மோதாமல் நடக்கின்றன. படத்தின் பெயரையே தலைப்பாகக் கொண்ட சீர்காழியின் பாட்டு, கிழவேடம் பூண்டவருக்கு உரியது. துள்ளும் பாட்டுக்களிடையே அது ஒரு தம்பூராவைப் போல் நிற்கிறது. முதியவரும் இளைஞரும் ஒரே படத்தின் பாட்டுக்களைத் தம்முடையவை என்று கொண்டாட முடிந்தது. இன்று இது அரிதாகிவிட்டது.

இங்கே நேயர்கள் ஒன்றைக் கருதவேண்டும். இப்பாட்டுக்களைத் தமிழ்ப் பாட்டுக்கள் என்று நாம் உரிமையோடு கூறுகிறோம். ஆனால் விசுவநாதன் பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில் பிறந்து கண்ணூரில் வளர்ந்தவர். அதாவது வண்டூர்ப் பெயர் புறப்பட்ட அதே மலபாரிலிருந்து வந்தவர். ராமமூர்த்தி திருச்சிராப்பள்ளியின் வயலின் மரபினர். சுசீலா விஜயநகரத்தவர், ஸ்ரீநிவாஸ் காக்கிநாடாவில் பிறந்தவர். சௌந்தரராசன் மதுரைச் சௌராட்டிரக் குடும்பத்தினர். இத்தனை திசையிலிருந்தும் வந்தவர்கள் சென்னையில் கூடித் தமிழுக்குப் பாடினர். பிறமாநிலத்தில் வாழும் நாம் இதைச் சற்றுக் கூடுதலாகவே நினைத்துப் பார்க்கலாம்; நாம் வாழும் ஊரின் மொழிக்கு நாம் என்ன பாடிக் கொடுத்தோம் என்ற கேள்வியும் உடனே எழுகிறது. வண்டூரில் வங்காளியரும் தெலுங்கரும் மலையாளியரும் அண்டை வீட்டார். 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி இத்தீவுகளில் 100-க்கு 15 பேர் அளவில் தமிழ் பேசுவோர். வங்காளியர் அதனினும் மிகுதி. எல்லாரும் சந்தையில் பேசுவது இந்தி.

ஆண்டின் நடுப்பகுதியை நாம் விரைந்து கடப்போம். ஏப்ரலில் 'பச்சை விளக்கு' வந்தது. ரயில் ஓட்டுபவனைக் கதைத் தலைவனாகக் கொண்ட அப்படத்தில் சௌந்தரராசன் பாடிய நம்பிக்கைப் பாட்டொன்று இன்றும் திருமண மண்டபங்களில் ஒலிக்கிறது. மே 27 அன்று நேரு மறைந்தார். ஜூனில் வந்த 'ஆண்டவன் கட்டளை'யில் ஓடப்பாட்டு ஒன்று உண்டு. அமைதியான நீரைப் பற்றியது. எங்கள் கடல் அப்படி இருப்பது ஆண்டில் சில மாதமே. ஜூலையில் வந்த 'கை கொடுத்த தெய்வம்' படத்தில் பாரதியாரின் பாட்டு ஒன்றுக்கு இவ்விருவர் மெட்டமைத்தனர். வடக்கும் தெற்கும் தத்தம் விளைபொருளை மாற்றிக்கொள்வதையும், பல மொழியினர் கலந்து மகிழ்வதையும் கனவு காணும் அப்பாட்டின் இடையே தெலுங்குக் குரலும் வந்து சேர்கிறது. தனிப்பாட்டுக்களுக்கு வரிசை வகுத்தால் இதை நாம் மிக உயரத்தில் வைப்போம். பாலமுரளி கிருஷ்ணா பாடிய, சிட்டிபாபுவின் வீணை ஒலித்த 'கலைக்கோவில்' இசைவாணர்கள் போற்றியது. படம் ஓடவில்லை, பாட்டுக்கள் மட்டும் வாழ்கின்றன.

செப்டம்பர் 12-இல் வந்த 'புதிய பறவை' எங்கள் வரிசையில் நான்காவது. அதன் கதை சிங்கப்பூரிலிருந்து வரும் கப்பலில் தொடங்குகிறது. கப்பலை வாழ்வாகக் கொண்ட தீவில் இதற்குத் தனி வரவேற்பு இருந்திருக்க வேண்டும் என்று நினைப்பீர்கள். உண்மையில் எங்கள் ஊரில் அப்படத்தைப் பற்றிய பேச்சு எழுந்தால் முதலில் வருவது வழக்கு. "கதை எங்களுடையது" என்பார் வங்காளி நண்பர். அவர் சொல்வது மெய். 1963-இல் உத்தம்குமார் நடித்து வந்த 'சேஷ அங்க' என்ற வங்கப் படத்தைத் தழுவியதே இது. அந்த வங்கப் படமும் 1958-இல் வெளிவந்த ஓர் ஆங்கிலப் படத்திலிருந்து கதையை எடுத்தது என்று நாங்கள் நினைவூட்டுவோம். கதையை அவர்களுக்கு விட்டுக்கொடுத்து, பாட்டை நாங்கள் வைத்துக்கொள்வது என்று உடன்பாடு. மன அமைதியைத் தேடி அலையும் ஒருவனின் குரலாகச் சௌந்தரராசன் பாடும் பாட்டில், பெரும் வாத்தியக் குழு புயலைப்போல் எழுந்து அடங்குகிறது. அத்தனை வாத்தியங்களும் ஒரே மூச்சில், ஒரே பதிவில் ஒலித்தவை என்பதை முன்னரே கூறினோம். சுசீலா பாடும் இரவு விடுதிப் பாட்டு ஒருமுறை களிப்பாகவும் பின்னர் ஒருமுறை துயராகவும் வருகிறது. மெட்டு ஒன்றே; பொருள் தலைகீழ். இசையமைப்பின் நுட்பத்தைக் காட்ட இதைவிடச் சிறந்த சான்று அவ்வாண்டில் இல்லை. பின் ஏன் நான்காவது? அதன் செல்வச் செழிப்பு எங்கள் வாழ்வுக்குத் தொலைவாக இருக்கிறது என்பதைத் தவிர வேறு விடை எங்களிடம் இல்லை. இது தனிப்பட்ட வரிசை என்பதை நேயர்கள் மறக்கலாகாது.

இப்போது முதல் இடம். சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தம் கையெழுத்தாகி நான்கு நாள் கழித்து, நவம்பர் 3-இல், தீபாவளி. அன்று மகாதேவன் இசையில் சிவாஜி கணேசனின் நூறாவது படமாகிய 'நவராத்திரி' வந்தது. லிங்கப்பா இசையில் 'முரடன் முத்து' வந்தது. எம்.ஜி.ஆர். நடித்த 'படகோட்டி'யும் அன்றே வந்தது.

'படகோட்டி' மீனவர் கதை. பகை கொண்ட இரு மீனவக் குப்பங்கள். அப்பகையை வளர்த்து, கடன் கொடுத்து, பிடித்த மீனையும் பறித்துக்கொள்ளும் ஒரு செல்வன். இரு குப்பங்களையும் ஒன்றாக்க முயலும் ஓர் இளைஞன். பாட்டுக்கள் எட்டும் வாலி எழுதியவை. வாலி திருவரங்கத்தில் வளர்ந்தவர். திருச்சி வானொலிக்கு எழுதிப் பழகியவர். முந்திய ஆண்டு 'கற்பகம்' படத்தின் பாட்டுக்கள் அனைத்தையும் எழுதி, இனி இவரை ஒதுக்க முடியாது என்று திரையுலகை ஒப்புக்கொள்ளச் செய்தவர். 'படகோட்டி'யில் அவர் வெற்றி முழுமை பெற்றது. கண்ணதாசனின் பாட்டில் தத்துவம் உவமையோடு வரும். வாலி இப்படத்தில் உவமையைக் குறைத்து நேரே பேசினார். மண்ணிலே பிறந்தும் நீரிலே பிழைக்க நேர்ந்த மக்களின் நிலையைச் சொல்லும் பாட்டில் அலங்காரம் எதுவும் இல்லை. கடலுக்குப் போனவன் திரும்பும்வரை கரையில் நிற்பவர்களின் நெஞ்சத்தில் இருப்பதே அதில் இருக்கிறது. சௌந்தரராசன் அதைப் பாடும்போது குரலை உயர்த்திக் காட்ட எத்தனையோ இடங்கள் இருந்தும் அடக்கிப் பாடுகிறார்.

நாங்கள் இதை முதலில் வைத்ததற்குக் காரணம் ஒரு நாளிரவுப் பேச்சு. 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஏறிவந்ததைப் பற்றிச் சிலர் பேசிக்கொண்டிருந்தனர். வண்டூர்க் கரையில் அன்று சாய்ந்த பெருமரங்கள் நெடுங்காலம் கிடந்தன. பேச்சு ஓய்ந்தபின் ஒருவர் இந்தப் பாட்டை முணுமுணுத்தார். அருகிலிருந்த அவர் பேத்திக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் படித்தவள். ஆனால் அவள் இரண்டாம் அடியைத் தானே எடுத்துப் பாடினாள். மூன்றாம் அடியில் ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டாள். தாத்தா சொன்னார். அதன்பின் அச்சொல்லை அவள் வீட்டுப் பேச்சிலும் வழங்கினாள் என்று கேள்விப்பட்டோம். 'கர்ண'னுக்காக வாதாடிய பெரியவர் அன்றிரவு வாதாடவில்லை. மறுநாள் காலையில் மீண்டும் தொடங்கினார்.

'படகோட்டி'யில் துயரம் மட்டும் இருந்திருந்தால் அதற்கு முதலிடம் கொடுத்திருக்க மாட்டோம். சுசீலாவும் சௌந்தரராசனும் பாடும் காதற்பாட்டுக்கள் இரண்டு அதில் உண்டு. ஒன்று, படகு துடுப்பு வலிக்கும் கதியிலேயே நடக்கிறது. மற்றொன்று, குறுகிய சொற்களை அடுக்கி ஓடும் துள்ளல் பாட்டு, 2004-இல் ஏ. ஆர். ரகுமான் 'நியூ' படத்தில் அதைப் புது உருவில் தந்தபோது, நாற்பது ஆண்டுக்கு முந்தியது என்று அறியாமலே இளைஞர்கள் ஆடினர். இன்னொரு பாட்டில், உலகில் உள்ள யாவும் எல்லார்க்கும் பொதுவாகக் கொடுக்கப்பட்டது என்ற கருத்து எளிய மொழியில் வருகிறது. மேடையில் இதை முழங்கியோர் பலர். ஆனால் அப்பாட்டு முழங்கவில்லை, பேசுகிறது. வரிசையில் முதலிடம் பெறும் தொகுதி எல்லாப் பொழுதுக்கும் ஒரு பாட்டு வைத்திருக்க வேண்டும் என்பது எங்கள் அளவுகோல். அந்த அளவுகோலுக்கு 'படகோட்டி' ஒன்றே முழுமையாக நின்றது.

ஐந்தாவதைக் குறிப்பிட மறந்துவிடக் கூடாது. டிசம்பர் 11-இல் வந்த 'சர்வர் சுந்தரம்'. ஒரே ஒரு பாட்டுக்காக அதைச் சேர்த்தோம். கதைப்படி, படப்பிடிப்புக்காகப் பாட்டொன்று பதிவாகிறது. அக்காட்சியில் பதிவுக் கூடத்தையே காட்டுகிறார்கள். சௌந்தரராசன் ஒலிவாங்கியின் முன் நின்று பாடுகிறார், விசுவநாதன் கையசைத்து வாத்தியக்காரர்களை நடத்துகிறார், பெண்குரல் ஈசுவரியுடையது. பாட்டு எவ்வாறு பிறந்தது என்பதற்கு இக்காட்சி போன்ற ஆவணம் அக்காலத்தில் வேறு அரிது. வானொலியில் குரலை மட்டும் கேட்டுப் பழகியவர்களுக்கு, அந்தக் குரலுக்குரியவர் இவரா என்று முதன்முதலில் தெரிந்த நாள் அது. வரலாற்றை எழுதுவோர் இக்காட்சியை நூறு முறை பார்க்கலாம். வாத்தியங்களின் அமைப்பும் பாடுவோர் நிற்கும் முறையும் கண்கூடாகத் தெரியும்.

அதன்பின் ஆண்டு முடிய இருபது நாள்தான் இருந்தது. தெற்கு அந்தமான் கடலில் டிசம்பர் 17-இல் தோன்றிய காற்றழுத்தத் தாழ்வு வலுத்துப் புயலாகி, 22-ஆம் நாள் இரவு தனுஷ்கோடியைத் தாக்கிற்று. பாம்பனிலிருந்து சென்ற ரயிலைக் கடல் கொண்டது, ஊரே அழிந்தது. இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே போட் மெயில் வழியாக மக்கள் சென்றுவந்த பாதை அத்துடன் அறுந்தது. ஒப்பந்தப்படி இந்தியா வரவேண்டிய தோட்டத் தமிழர்கள், தம் பாட்டன்மார் போன வழியே திரும்ப முடியாமற் போயிற்று. தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பல் ஏறிப் பின்னாளில் வந்தார்கள்.

மறு ஆண்டுக்கு இவ்வாறு வரிசை வகுக்க நாங்கள் முயன்றதுண்டு. இயலவில்லை. 1965 ஜூலையில் வந்த 'ஆயிரத்தில் ஒருவ'னோடு அவ்விரு இசையமைப்பாளரும் பிரிந்தனர். இசைத்தட்டின் மீது சேர்ந்தே அச்சான பெயர்கள் தனித்தனியாயின. முப்பது ஆண்டு கழித்து, 1995-இல், 'எங்கிருந்தோ வந்தான்' படத்துக்காக ஒரு முறை மீண்டும் இணைந்தனர். ராமமூர்த்தி 2013 ஏப்ரல் 17 அன்றும், விசுவநாதன் 2015 ஜூலை 14 அன்றும் மறைந்தனர். வண்டூரில் இரண்டாம் இடத்துக்கும் மூன்றாம் இடத்துக்கும் உள்ள வழக்கு இன்னும் நடக்கிறது. மழை மிகுந்து ஜாலிபாய்க்குப் படகு போகாத நாள்களில் அது சற்றுச் சூடேறும்.